ஆங்கில கேப்பிடல் எழுத்து மரியாதைக்கு அல்ல

பிறர் ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்தித் தருவது என் வேலை. போன வாரம் புதியவர் ஒருவரின் வரைவு வந்தது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே தவறு, பக்கத்துக்குப் பக்கம்: தேவையில்லாத இடத்திலும் கேப்பிடல், அதாவது பெரிய எழுத்து. வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர்ப் பெயர், 'நான்' என்னும் பொருளில் வரும் 'ஐ', இதற்கெல்லாம் கேப்பிடல் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பேசப் போவதில்லை.

முக்கியமாகத் தோன்றும் சொல்லுக்கெல்லாம் கேப்பிடல் போடுவது

மேனேஜர், கம்பெனி, டீம், கஸ்டமர், எக்ஸ்பீரியன்ஸ் என்று கனமாகத் தெரியும் எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வரும் இந்தப் பழக்கம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. ஏன் வருகிறது என்றும் புரிகிறது. தமிழில் எழுத்துக்குச் சின்னது பெரியது கிடையாது. 'ஆசிரியர் வந்தார்' என்னும்போது 'ஆர்' விகுதியே மரியாதையைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினையில் அந்த விகுதி இல்லை. ஏதோ குறைகிறதே என்று அந்த இடத்தைக் கேப்பிடலால் நிரப்புகிறோம்.

ஆனால் ஆங்கிலத்தில் கேப்பிடலின் முதல் வேலை, இது ஒரு தனிப் பெயர் என்று காட்டுவது. 'பிரசிடென்ட் லிங்கன்' என்று பதவி பெயரோடு ஒட்டி வந்தால் 'பி' பெரியது. 'லிங்கன் ஒரு பிரசிடென்ட்' என்ற பொருளில் எழுதினால் 'பி' சின்னது. ஆள் ஒருவர்தான், மதிப்பும் குறையவில்லை.

பழைய ஆவணங்களில் அப்படித்தானே இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் கையெழுத்துப் படியில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் கேப்பிடலில்தான் தொடங்குகின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் அதுதான் விதி. ஆங்கிலம் அந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டது.

எனக்கு இது உறைத்தது ஓர் ஒப்பந்தத்தில். ஒப்பந்தங்களில் 'கூட்ஸ்' போன்ற சொல்லுக்குத் தொடக்கத்திலேயே வரையறை கொடுத்து, அந்தப் பொருளில் வரும் இடமெல்லாம் கேப்பிடலில் எழுதுவார்கள். சின்ன எழுத்தில் வந்தால் அது பொதுவான சொல். இது தெரியாமல், அழகாக இருக்கட்டும் என்று 'சர்வீசஸ்', 'டெலிவரி' எல்லாவற்றுக்கும் கேப்பிடல் போட்டேன். 'கூட்ஸ்' ஓரிடத்தில் பெரியது, ஓரிடத்தில் சின்னது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "இந்தச் சொற்களுக்கு வரையறை எங்கே?" சின்ன எழுத்தில் வந்த 'கூட்ஸ்' வேறு சரக்கையும் சேர்த்துக்கொள்ளுமா என்று அடுத்த சிக்கல். கையெழுத்தாக வேண்டிய நாள் தள்ளிப்போனது. எனக்கு வேலை கொடுத்தவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. இலக்கணப் பிழை என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அங்கே கேப்பிடல் மாறினால் பொருளே மாறிவிடும்.

இன்றும் சந்தேகம் வந்தால் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்தச் சொல் ஒன்றை மட்டும் சுட்டும் பெயரா, அந்த வகையில் எதற்கும் பொருந்துமா? எதற்கும் பொருந்தும் என்றால் சின்ன எழுத்து.

அம்மாவும் அப்பாவும்

'மை மதர்' என்றால் 'எம்' சின்னது. 'மை' இல்லாமல், பெயருக்குப் பதிலாக 'மதர்' என்றே அழைத்தால் பெரியது.

மாதமும் பருவமும்

மாதம், கிழமைக்குக் கேப்பிடல் உண்டு. சம்மர், வின்டருக்கு இல்லை.

பாடங்கள்

'இங்கிலீஷ்', 'தமிழ்' என்பவை மொழிப் பெயர்கள், கேப்பிடல் வேண்டும். 'மேத்ஸ்', 'ஹிஸ்டரி' பொதுப் பெயர்கள், வேண்டாம். படிவத்தில் குறிப்பிட்ட வகுப்பின் முழுத் தலைப்பாக வந்தால் மட்டும் விதிவிலக்கு.

திசைகள்

'சவுத்' பக்கம் போனால் சின்னது, 'சவுத் ஆப்பிரிக்கா' போனால் பெரியது.

முழுப் பத்தியையும் கேப்பிடலில் அடிப்பது

வேண்டாம். படிப்பவருக்குக் கத்துவது போல இருக்கும். எது பெயர், எது முதலெழுத்துகளால் ஆன சுருக்கம் என்ற வேறுபாடும் அதில் மறைந்துபோகும்.

கடிதத்தின் முடிவு

'யுவர்ஸ் சின்சியர்லி'யில் முதல் சொல்லின் 'ஒய்' மட்டும் பெரியது. 'எஸ்' சின்னது.