அவதார் உலகம் தேர்ந்தெடுக்கும்போது செய்யக்கூடாதவை

அரட்டைக்கும் நட்புக்கும் ஒரு மெய்நிகர் உலகம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் யூடியூபில் இரண்டு மூன்று வீடியோ பார்க்கிறார்கள். எதில் அவதார், அதாவது உள்ளே நமக்குப் பதிலாக நடமாடும் உருவம், அழகாக இருக்கிறதோ அதை இறக்கிவிடுகிறார்கள். வீடியோ கேம் வாங்க இந்த முறை போதும், ஆட்களோடு பழகப் போகும் இடத்துக்குப் போதாது. அதற்கு வாடகை வீடு பார்க்கிற கண் வேண்டும். தெருவில் யார் குடியிருக்கிறார்கள், ராத்திரி எப்படி இருக்கும், ஓனர் எப்படி, காலி செய்யும்போது அட்வான்ஸ் திரும்ப வருமா என்று கேட்டுவிட்டுத்தான் சுவருக்கு என்ன பெயின்ட் என்று பார்க்க வேண்டும்.

அழகு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு லிண்டன் லேப் நிறுவனத்தின் கதையே போதும். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த இந்த நிறுவனம் 2003-இல் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தைத் திறந்தது. இன்றைய கண்ணுக்கு அது பழசு. பல இடங்களில் கட்டடங்கள் தாமதமாகத்தான் கண்முன் வந்து நிற்கும், நடை கொஞ்சம் பொம்மைத்தனமாக இருக்கும். இதே நிறுவனம் 2017-இல் சான்சார் என்ற புது உலகத்தை, கண்ணில் மாட்டிப் பார்க்கும் விஆர் ஹெட்செட்டுக்கு ஏற்றபடி பளபளப்பாகக் கொண்டுவந்தது. கூட்டம் சேரவில்லை. 2020-இல் அதை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய செகண்ட் லைஃப் இன்றும் ஓடுகிறது. அங்கே வீடு, கடை, நண்பர்கள், வழக்கமாகப் போகும் கச்சேரி என்று ஆண்டுக்கணக்கில் வேர்விட்டவர்களை நல்ல கிராஃபிக்ஸ் காட்டி நகர்த்த முடியவில்லை.

அடுத்த தவறு, “பல லட்சம் உறுப்பினர்கள்” என்ற விளம்பர வரியை நம்புவது. பதிவு செய்தவர்கள் எண்ணிக்கையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் அடக்கம். 2022 அக்டோபரில் டிசென்ட்ராலேண்டைப் பற்றி ஒரு சர்ச்சை கிளம்பியது. நிலமெல்லாம் பெரும் விலைக்குக் கைமாறிய, நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட உலகம் அது. ஒரு தரவு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு நாளில் அங்கே செயல்பட்டவர்கள் 38 பேர். அது கிரிப்டோ பரிவர்த்தனை செய்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு, உண்மையில் தினமும் சுமார் 8,000 பேர் வருகிறார்கள் என்று டிசென்ட்ராலேண்ட் தரப்பு மறுத்தது. சரி, 8,000 என்றே வைத்துக்கொள்வோம். அதை 24 மணி நேரத்துக்கும் அத்தனை நிலத்துக்கும் பிரித்துப் பார்த்தால், நீங்கள் நுழையும் நேரத்தில் பேச எத்தனை பேர் கிடைப்பார்கள்?

இதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நேரில் பார்த்துவிடலாம். செகண்ட் லைஃபில் உலக வரைபடத்தைத் திறந்தால் ஆட்கள் இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளியாகத் தெரியும். விஆர்சாட் என்பது பயனர்களே செய்த பல சிறு உலகங்கள் அடங்கிய இன்னொரு அரட்டைத் தளம். அதில் ஒவ்வோர் உலகத்திலும் இப்போது எத்தனை பேர் என்று மெனுவே காட்டும். ஆனால் நீங்கள் வழக்கமாக ஓய்வாக இருக்கும் நேரத்தில் பாருங்கள். ஞாயிறு மதியம் பார்த்துவிட்டு, தினமும் ராத்திரி 10 மணிக்குப் போய் உட்கார்ந்தால் கதை வேறு.

நேரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலரும் கோட்டைவிடும் இடம் இது. செகண்ட் லைஃபின் கடிகாரம் அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. நிகழ்ச்சி அறிவிப்பெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். இரவு 8 மணிக்குப் பாட்டுக் கச்சேரி என்று போட்டிருந்தால் அது நமக்கு மறுநாள் காலை 8.30, அங்கே குளிர்காலம் என்றால் 9.30. ஆபீசுக்குக் கிளம்பும் நேரம். சிங்கப்பூர்க்காரருக்கு அது முற்பகல் 11 அல்லது நண்பகல், டொரொன்டோவில் இருப்பவருக்கு இரவு 11. நாம் ராத்திரி 8 மணிக்கு உள்ளே போகும்போது கலிஃபோர்னியாவில் பலர் இன்னும் காப்பியே குடித்திருக்க மாட்டார்கள், ஐரோப்பாவில் பிற்பகல். ஆக நமக்குத் தோதான கூட்டம் ஐரோப்பியர்களும் ஆசியாவில் இருப்பவர்களும்தான். எந்தக் குழுவில் சேரலாம் என்று பார்க்கும்போது அது எந்த நாட்டு நேரத்தில் கூடுகிறது என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்கர்கள் நடத்தும் அருமையான குழுவில் சேர்ந்து, காலி மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வாயால் பேசும் உலகமா, தட்டச்சு செய்யும் உலகமா என்பதையும் போகும் முன்பே பார்த்துவிட வேண்டும். விஆர்சாட்டில் பேச்சுதான் எல்லாம். தட்டச்சு வசதி இருந்தாலும் பக்கத்தில் நாலு பேர் குரலில் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடிக்கும் வரியை யாரும் காத்திருந்து படிப்பதில்லை. இரண்டு அறை வீட்டில் அம்மா அப்பா தூங்கிய பிறகு மைக்கில் சிரித்துப் பேச முடியுமா என்று யோசியுங்கள். ஆங்கிலம் எழுத வரும், பேசக் கூச்சம் என்பவர்களுக்கும் அங்கே முதல் சில வாரம் கஷ்டம். செகண்ட் லைஃபில் குரல் வசதி 2007 முதலே இருக்கிறது, இருந்தும் பெரும்பாலான இடங்களில் இன்றும் எழுத்தில்தான் பேச்சு. 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு நீங்கள் எழுதுவது தெரியும். யோசித்து எழுதலாம், அகராதி பார்த்துக்கூட எழுதலாம், யாருக்கும் தெரியாது.

கருவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஆர்சாட்டுக்கு ஹெட்செட் கட்டாயம் என்று நினைத்துப் பெரும் பணம் போட்டு வாங்காதீர்கள். சாதாரணக் கணினித் திரையிலும் அது ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஆனால் கணினிக்காக மட்டும் செய்யப்பட்ட உலகங்களுக்குள் போனில் இருந்து போக முடியாது. உங்கள் நண்பர் கணினியில் அணிந்திருக்கும் அவதாருக்கு ஆண்ட்ராய்டு வடிவம் இல்லையென்றால், உங்களுக்கு அவர் வேறொரு எளிய பொம்மையாகத்தான் தெரிவார். செகண்ட் லைஃபின் முழு வசதிக்கும் கணினிதான் வேண்டும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் கூட்டமான நடன அரங்கில் திணறும். அதனால் ஆளில்லாத கடற்கரையில் சோதித்துப் பார்த்து “நன்றாக ஓடுகிறதே” என்று முடிவு செய்யாதீர்கள்.

பணம்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. செகண்ட் லைஃபில் சேர்வது இலவசம். உள்ளே போனதும் எல்லோரும் சினிமா நட்சத்திரம் மாதிரி இருக்க, நாம் மட்டும் கடை வாசல் பொம்மை மாதிரி நிற்பது போல் தோன்றும். உடனே அந்த உலகத்துக்குள் செல்லும் பணமான லிண்டன் டாலரை வாங்கிச் செலவழிக்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். அங்கே உடம்பு ஒரு கடையில், தலை இன்னொரு கடையில், தோல் வேறொரு கடையில். உடைகள் குறிப்பிட்ட உடம்பு வகைகளுக்கு என்றே தைக்கப்பட்டவை. ஆசைப்பட்டு ஒரு புடவை வாங்கினாலும் உங்கள் உடம்பின் பெயர் அதன் விவரத்தில் இல்லையென்றால் தோள் ஒரு பக்கம் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காசு திரும்பாது. நல்ல கடைகளில் எல்லாவற்றுக்கும் டெமோ, அதாவது போட்டுப் பார்க்கும் மாதிரி, உண்டு. அதை அணிந்து பார்க்காமல் எதையும் வாங்கக்கூடாது.

அப்புறம், பொருளோடு வரும் அனுமதிகள். நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற மூன்றும் ஒவ்வொரு பொருளிலும் குறித்திருக்கும். நகல் எடுக்க முடியாத சோபாவை அடுத்தவர் நிலத்தில் வைத்து அது தொலைந்தால் தொலைந்ததுதான். கொடுக்க முடியாத பொருளைத் தோழியின் பிறந்தநாளுக்கு என்று உங்கள் பெயரில் வாங்கிவிட்டால் அது உங்களிடமேதான் கிடக்கும்.

இவையெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய நஷ்டம் ஒரு சின்னப் பெட்டியில் வரும். ஏதாவது ஒரு பொருளைத் தொட்டதும் “இந்தப் பொருள் உங்கள் கணக்கிலிருந்து லிண்டன் டாலர் எடுக்க அனுமதி கேட்கிறது” என்று திரையில் கேட்கும். சொந்தக் கடை போட்டு விற்பனைப் பெட்டி வைக்கிறவர்களுக்குத்தான் அந்த அனுமதி தேவை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர் அதற்குச் சரி சொன்னால் கணக்கு காலியாகலாம். அதே போல, நண்பர் பெயரில் வரும் இணைப்பைத் தட்டி, அங்கே கடவுச்சொல்லைக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். நண்பரின் கணக்கையே யாரோ பிடித்திருக்கலாம்.

நம்மூர் ஃபைனான்ஸ் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது: செகண்ட் லைஃபுக்குள்ளேயே கிங்கோ ஃபைனான்ஷியல் என்று ஒரு “வங்கி” இருந்தது. ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கு மேல் வட்டி என்றது. 2007-இல் கவிழ்ந்தது. போட்ட பணம் பலருக்குத் திரும்பவில்லை. 2008 ஜனவரியில் இப்படி உரிமம் இல்லாத வங்கிகளை லிண்டன் லேப் தடை செய்தது. பேசிப் பழக வந்த இடத்தில் வட்டி, முதலீடு, நிலத்தின் விலை ஏறும் என்று எவராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவதுதான் மரியாதை.

தொல்லை கொடுப்பவர்கள்

“எங்கள் உலகம் பாதுகாப்பானது” என்ற வாசகத்தைப் படித்து அமைதி அடைவதைவிட, ஒருவரை எத்தனை தொடுதலில் முடக்க முடிகிறது என்று நீங்களே செய்து பாருங்கள். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற விஆர் உலகம் 2021 டிசம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் திறந்தபோதே, தங்கள் அவதாரை மற்றவர்கள் சீண்டியதாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். அதன் பிறகு, 2022 பிப்ரவரியில்தான், இரண்டு அவதார்களுக்கு இடையே ஏறத்தாழ 4 அடி இடைவெளி தானாகவே இருக்கும்படி செய்தார்கள். ஹெட்செட் போட்டவருக்கு அது திரையில் நடக்கும் விஷயம் அல்ல, முகத்துக்கு நேரே நடக்கும் விஷயம்.

விஆர்சாட்டில் இதற்கான அமைப்பு விரிவானது. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கைப் படிநிலை உண்டு. எந்தப் படியில் இருப்பவரின் குரல் கேட்கலாம், யாருடைய அவதார் தெரியலாம் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. நேராகப் பொது அறைக்குள் போய், கத்துகிற சிறுவர்களையும், கணினியை முடக்குவதற்கென்றே செய்த அவதார்களையும் பார்த்துவிட்டு, “விஆர்சாட்டே இப்படித்தான்” என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அங்கே நல்ல பேச்சு நடப்பது நண்பர்களுக்கும் நண்பர்களின் நண்பர்களுக்கும் மட்டும் திறந்த அறைகளிலும், குழுக்களின் அறைகளிலும்தான். 13 வயதிலிருந்தே சேரலாம் என்பதால் பொது அறையில் யார் வேண்டுமானாலும் இருப்பார்கள். வயதைச் சரிபார்த்த பெரியவர்கள் மட்டும் நுழையும் அறைகளும் உண்டு, அவற்றைத் தேடுங்கள். செகண்ட் லைஃபில் இடங்களுக்கு பொது, நடுத்தரம், வயதுவந்தோர் என்று மூன்று தரம் இருக்கிறது. தேடும்போது எந்தத் தரத்தை டிக் செய்திருக்கிறீர்கள் என்று பார்க்காமல் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுற்றிப் பார்க்க வேண்டாம்.

கடை மூடினால்

கூகுளே நடத்துகிறது, மைக்ரோசாஃப்டே வாங்கியிருக்கிறது, இது எங்கே போய்விடும் என்று நினைப்பது வெகு சாதாரணமான தவறு. கூகுளின் லைவ்லி என்ற அரட்டை உலகம் 2008 ஜூலையில் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. டிஸ்னி 2007-இல் 35 கோடி டாலர் கொடுத்து வாங்கிய கிளப் பெங்குவின் என்ற சிறுவர் உலகம் 2017 மார்ச்சில் மூடியது. ஆல்ட்ஸ்பேஸ் விஆர் என்ற உலகம் 2017-இல் பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது, மைக்ரோசாஃப்ட் வாங்கிக் காப்பாற்றியது, பிறகு 2023 மார்ச் 10-இல் மைக்ரோசாஃப்டே மூடியது. பெரிய கம்பெனிக்கு இது நூறு தொழிலில் ஒன்று. லாபம் இல்லையென்றால் முதலில் கைகழுவுவது இதைத்தான். இதை மட்டுமே நம்பிப் பிழைக்கும் சின்ன நிறுவனம் சில சமயம் அதிக நாள் தாங்குகிறது. செகண்ட் லைஃப் அப்படித்தான் 20 ஆண்டுகளைத் தாண்டியது.

உலகம் மூடாமலே உங்கள் கணக்கு மட்டும் மூடப்படலாம். 2006-இல் லிண்டன் லேப், ஏலத்தில் முறைகேடாக நிலம் வாங்கினார் என்று சொல்லி பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரின் கணக்கை முடக்கியது. அவர் வழக்குப் போட்டார். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று நிறுவனத்தின் விதிமுறைகளில் இருந்த பிரிவு ஒருதலைப்பட்சமானது என்று 2007-இல் நீதிமன்றம் சொன்னது, அதன்பின் இரு தரப்பும் சமரசமாகப் போனார்கள். அவர் வழக்கறிஞர், அதனால் போராட முடிந்தது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க நிறுவனத்தோடு வழக்காட நமக்கு முடியுமா? உள்ளே வாங்கும் நிலம், வீடு, உடை எல்லாம் செலவுக் கணக்கில் எழுத வேண்டியவை, சொத்துக் கணக்கில் அல்ல.

வெளியார் செய்த கூடுதல் மென்பொருளை நம்பி ஓர் உலகத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதே வகை. 2022 ஜூலையில் விஆர்சாட் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளைச் சேர்த்தபோது மோடு எனப்படும் இந்தக் கூடுதல் மென்பொருள்கள் எல்லாம் ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. காது கேளாதவர்கள் பேச்சை எழுத்தாகப் படிக்கப் பயன்படுத்திய மோடுகளும் அதில் போயின. உங்களுக்கு அவசியமான வசதி உலகத்துக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து ஒட்டவைத்ததா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தினமும் போய் உட்காரும் இடத்துக்குத்தான் இவ்வளவு ஆராய்ச்சியும். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடி தங்கள் திருமண வரவேற்பை மெட்டாவெர்ஸில், அதாவது இப்படி ஒரு மெய்நிகர் உலகில், நடத்தியது செய்தியானது. விருந்தினர்கள் போனிலும் லேப்டாப்பிலும் வந்து போனார்கள். அப்படி ஒரு மாலை நிகழ்ச்சிக்கு என்றால் எளிதாகத் திறக்கிற எந்த உலகமும் சரி, பத்து ஆண்டு தாங்குமா என்ற கேள்வியே வேண்டாம்.

தங்கிப் பழகப் போகிறவர்கள் ஒன்று செய்துகொள்ளலாம். நண்பர் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு உலகத்துக்குப் போக வழி கிடையாது. அங்கே நெருங்கிய நாலைந்து பேரோடு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலோ வேறு எங்கேயோ ஒரு சின்னக் குழு வைத்துக்கொள்ளுங்கள். சொந்த போன் எண் கொடுக்க வேண்டாம், அவதார் பெயரிலேயே இருக்கட்டும். மூடும் அறிவிப்பு வந்தால் அடுத்து எங்கே போகலாம் என்று அங்கே பேசிக்கொள்ளலாம்.