பழைய ஆம்னி வேன்ல ஃபியூஸ், ரிலே கோளாறை நாமளே கண்டுபிடிக்கிறது எப்படி

ஆம்னி தயாரிப்பு 2019லயே நின்னு போச்சு, ஆனா லோடு அடிக்க, ஸ்கூல் டிரிப்பு ஓட்டன்னு இன்னும் எத்தனையோ பேருக்கு அதுதான் சோறு போடுது. வண்டிக்கு வயசாக வயசாக இன்ஜினை விட ஒயரிங்தான் அதிகமா படுத்தும். திடீர்னு ஹாரன் அடிக்காது, வைப்பர் பாதியில நிக்கும், உடனே டாஷ்போர்டுக்கு கீழ கைய விட்டு ஃபியூஸை மாத்துவோம், அதுவும் போச்சுன்னா அடுத்து பெரிய ஆம்ப் ஃபியூஸ். தயவுசெஞ்சு இத மட்டும் செய்யாதீங்க. ஃபியூஸ் அந்த ஒயரை காப்பாத்த வச்சது, 15 ஆம்ப் இடத்துல 30 போட்டா ஃபியூஸ் போகாது, ஒயர் உருகும், அது பக்கத்துல இருக்குற நாலு ஒயரையும் சேத்து எரிக்கும். காப்பர் ஒயர் சுத்தி விடுறது இதை விட மோசம்.

தேவையானது ஒரு டெஸ்ட் லாம்ப் (ஒரு முனையில ஊசி, இன்னொரு முனையில கிளிப் ஒயர், நடுவுல பல்பு), ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு 21 வாட் பிரேக் லைட் பல்பு ரெண்டு ஒயரோட, கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர். கேஸ் கிட் இருக்குற வண்டின்னா சிலிண்டர் வால்வை மூடிட்டு, கதவெல்லாம் திறந்து வச்சு, கேஸ் வாடை சுத்தமா இல்லன்னு பாத்துட்டு அப்புறம் தொடுங்க, ஒரு சின்ன ஸ்பார்க் போதும்.

முதல்ல பேட்டரி. வண்டி ஓடாம கொஞ்ச நேரம் நின்னதுக்கு அப்புறம் 12.6 வோல்ட் பக்கம் காட்டணும், ஸ்டார்ட் பண்ணா சுமார் 13.8ல இருந்து 14.4க்குள்ள. இது சரியில்லன்னா ஃபியூஸ் பாக்ஸை நோண்டி பிரயோஜனம் இல்ல.

அடுத்து டெஸ்ட் லாம்ப் கிளிப்பை பெயிண்ட் இல்லாத இரும்புல மாட்டி, பேட்டரி பாசிட்டிவ்ல வச்சு எரியுதான்னு பாத்துக்கோங்க, ஏன்னா எர்த் (பாடி வழியா பேட்டரி நெகட்டிவ்க்கு போற இணைப்பு) சரியா பிடிக்கலன்னா எல்லா ஃபியூஸும் போன மாதிரியே காட்டும். பிளேடு ஃபியூஸ் தலையில ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள தகடு தெரியும், கழட்டாமயே சாவிய ஆன் பண்ணி ரெண்டு பக்கமும் தொடுங்க. ரெண்டுலயும் எரிஞ்சா ஃபியூஸ் ஓகே, ஒண்ணுல மட்டும் எரிஞ்சா ஃபியூஸ் போச்சு, ரெண்டுலயும் எரியலன்னா கரண்டே அதுவரைக்கும் வரல, அப்ப இக்னிஷன் சுவிட்ச், மெயின் ஃபியூஸ் பக்கம் போகணும். கண்ணால பாத்து நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடாதீங்க, மயிரிழை மாதிரி விட்டுப்போனது கண்ணுக்கு தெரியாது. கலர் ஞாபகம் வச்சுக்கோங்க, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30.

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. ஃபியூஸ் உள்ள கம்பி நல்லா இருக்கும், ஆனா பிளாஸ்டிக் உருகி பழுப்பா இருக்கும். இது ஷார்ட் இல்ல, ஃபியூஸ் உக்காருற கிளிப் லூஸ் ஆகி அந்த இடமே சூடாகியிருக்கு. பழைய வேன்ல முன் கண்ணாடி பீடிங் வழியா மழைத்தண்ணி இறங்கி கிளிப்ல பச்சை களிம்பு பிடிச்சிருந்தாலும் இதே கதைதான். பேட்டரி நெகட்டிவ்வை கழட்டிட்டு கிளீனர் அடிச்சு தேய்ங்க, கிளிப்பை மெல்லமா நெருக்குங்க, ஃபியூஸ் இறுக்கமா உக்காரணும். ரொம்ப உருகியிருந்தா அந்த பாக்ஸை மாத்துறதுதான் நியாயம்.

ஃபியூஸ் போட்ட உடனே போகுதுன்னா ஃபியூஸை வீணாக்காம அந்த இடத்துல 21 வாட் பல்பை கோத்து விடுங்க. அந்த லைன்ல இருக்குற எல்லா சுவிட்சும் ஆஃப்ல இருக்கும்போதே பல்பு ஃபுல்லா எரிஞ்சா ஷார்ட் இருக்கு, பல்பு ஒயரை காப்பாத்திக்கிட்டே இருக்கும், நீங்க நிதானமா ஒவ்வொரு கப்ளரா (ஒயரை இணைக்கிற பிளாஸ்டிக் சொருகி) கழட்டிக்கிட்டே வாங்க, எதை கழட்டும்போது அணையுதோ அங்கதான் வினை. சுவிட்ச் போட்டா மட்டும் ஃபியூஸ் போகுதுன்னா, அது போய் சேருற மோட்டார் இல்ல பல்போட கப்ளரை கழட்டி வச்சுட்டு சுவிட்சை போட்டு பாருங்க, இப்ப ஃபியூஸ் போகலன்னா கோளாறு அந்த மோட்டார் இல்ல பல்புல, அப்பவும் போச்சுன்னா நடுவுல இருக்குற ஒயர்ல. பின் லைட் லைன்னா முதல்ல டிக்கி கதவு கீல்கிட்ட பாருங்க, கதவை திறந்து மூடியே ஒயர் தோல் உரிஞ்சு பாடியில படும்.

அடுத்து ரிலே, அதாவது சின்ன கரண்ட்ல காயில் இழுத்து பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச். அதுல டக்குன்னு சத்தம் வந்தா நல்லா இருக்குன்னு நம்பிடுறோம். சத்தம் காயில் வேலை செய்யுதுன்னு மட்டும்தான் சொல்லும், உள்ள பாயின்ட் கருகியிருந்தா கரண்ட் போகாது. அடியில நம்பர் இருக்கும், 85, 86 காயில், 30ல கரண்ட் வரும், 87ல வெளிய போகும். அந்த ரிலே ஓட்டுற மோட்டாரோ லைட்டோ ஆன்ல இருக்கும்போது மீட்டரை 30க்கும் 87க்கும் நடுவுல வைங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுனா பாயின்ட் போச்சு. சத்தமே வரலன்னா 85, 86ல ஒண்ணுல பாசிட்டிவ், இன்னொன்னுல எர்த் வருதான்னு பாருங்க, பல நேரம் எர்த்தான் விட்டிருக்கும். அதே நம்பர், அதே பின் அமைப்பு உள்ள வேற ரிலே வண்டியிலயே இருந்தா மாத்தி போட்டு பாக்குறது சீக்கிர வழி. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கிற) வண்டின்னா சாவி ஆன் பண்ணதும் ரெண்டு மூணு செகண்ட் பெட்ரோல் பம்ப் சத்தம் கேக்கணும், கேக்கலன்னா அதோட ஃபியூஸ், ரிலேல ஆரம்பிங்க, ஆனா இசியூக்கு (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போற ஒயர்ல டெஸ்ட் லாம்ப் வைக்காதீங்க, மீட்டர் மட்டும்தான்.

வெளிக்கடையில வாங்கி மாத்தி போட்ட ஹெட்லைட் பல்பையும் ஒரு கண்ணு பாருங்க. 60 வாட் ரெண்டு எரிஞ்சா மொத்தம் 10 ஆம்ப், 100 வாட் ரெண்டு போட்டா 16 ஆம்ப்புக்கு மேல, பழைய ஒயரும் சுவிட்சும் அதை தாங்காது. 100 வாட்தான் வேணும்னா பேட்டரியில இருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தடிமனான ஒயர் போட்டுத்தான் ஆகணும், இல்லன்னா பழைய பல்புக்கே திரும்பிடுங்க.