அப்பா, மகள் கூட்டுப் பத்திரம்: பாதிப் பங்கை மாற்றிய விதம்

இருவர் பெயரில் பத்திரம் இருந்தால், ஒருவர் காலத்துக்குப் பின் வீடு தானாக மற்றவருக்கு வராது. அப்பா உயில் எழுதாவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாதி அம்மா, பாட்டி (அப்பாவின் அம்மா), பிள்ளைகள் எல்லோருக்கும் பிரியும். அதனால் அப்பா உயிரோடிருக்கும்போதே தன் பாதியை எனக்கு செட்டில்மெண்ட் (பணம் வாங்காமல் சொத்தை மாற்றித் தரும் பத்திரம்) எழுதினார். ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே வைத்துக்கொண்டார். இந்த வாசகத்தை மட்டும் விடவே கூடாது.

தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தீர்வை 1%, உச்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் 1%, உச்சம் ரூ.10,000. வீட்டுக்கடன் பாக்கியிருந்தால் முதலில் வங்கியின் தடையில்லாச் சான்று. சொத்து விவரத்தில் ‘பிரிபடாத பாதிப் பாகம்’ என்று எழுதச் சொல்லுங்கள். முழு வீட்டையும் எழுதிவிட்டால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அலைய வேண்டும். பதிவானதும் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயரை மாற்ற வேண்டும்.