வெள்ளம் வடிந்த பிறகு இடிபாட்டை எங்கே கொட்டுவது? வேலூர்ப் பக்கத்து ஊராட்சிகளுக்கு ஒரு செய்முறை

2021 நவம்பரில் பாலாறு, பொன்னையாறு, கவுண்டன்யா ஆறு மூன்றிலும் வெள்ளம் வந்தது. விரிஞ்சிபுரம் தரைப்பாலம் உடைந்தது. நவம்பர் 19 அதிகாலை பேரணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். இப்படிப்பட்ட மழையில் தண்ணீர் சில நாளில் வடிந்துவிடும். இடிந்த சுவர், சேறு, ஊறிப்போன மெத்தை எல்லாம் மாதக்கணக்கில் தெருவில் கிடக்கும். கொட்டும் இடத்தை ஊர் முடிவு செய்யாவிட்டால் டிராக்டர்காரர் முடிவு செய்வார். அவருக்குப் பக்கம் ஏரிக்கரைதான், இல்லாவிட்டால் பாலாற்றங்கரை. அடுத்த மழைக்கு அதே தெருவில் தண்ணீர் நிற்கும்.

ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், வார்டு உறுப்பினர், அக்கறையுள்ள ஊர்க்காரர் யாராக இருந்தாலும் ஐப்பசிக்கு முன்னால் உட்கார்ந்து இந்தத் திட்டத்தை எழுதிவிடலாம். 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கும் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. மாவட்டத் திட்டம் கலெக்டர் தலைமையில் தயாராகும். ஆனால் உங்கள் ஊர்ச் சந்துக்குள் எந்த வண்டி நுழையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படி 1: எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுங்கள்

அமெரிக்காவில் பேரிடர் வேலைக்கு ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதில் மூன்றில் ஒரு பங்கு இடிபாடு. நம் ஊர் வீட்டுக்கும் தோராயமாக ஒத்துவருகிறது. 30 அடிக்கு 20 அடி, உயரம் 10 அடி என்றால் 6,000 கன அடி. மூன்றில் ஒரு பங்கு 2,000 கன அடி. ஜல்லி, மணல் வாங்கும் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். ஆக ஒரு வீட்டுக்கு 20 யூனிட். டிராக்டரில் ஒரு லோடுக்கு ஒரு யூனிட் என்று வைத்தால், ஒரே வீட்டுக்கு 20 லோடு!

தாழ்வான தெருக்களில் மண்சுவர் வீடு, பழைய ஓட்டு வீடு எத்தனை என்று நடந்து எண்ணுங்கள். 50 வீடு விழலாம் என்று தோன்றினால் 1,000 யூனிட். 10 டிராக்டர், நாளுக்கு 5 லோடு என்றாலும் 20 நாள் வேலை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஒன்றிய அலுவலகத்தில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

படி 2: இடம்

இதுதான் முழுத் திட்டத்தின் உயிர். 1,000 யூனிட்டை 5 அடி உயரத்துக்குக் குவித்தால் 20,000 சதுர அடி, அதாவது சுமார் 46 சென்ட். வண்டி திரும்ப, தரம் பிரிக்க இன்னொரு மடங்கு. ஏறத்தாழ ஒரு ஏக்கர் தேவை.

ஏரி, வாய்க்கால், ஆற்றுப் புறம்போக்கு எதுவும் வேண்டாம். கோடையில் காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள். வேலூர் நகரத்துக்குள் நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டையில் தண்ணீர் நுழைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நீர்வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மேட்டு நிலமாக, குடிநீர்க் கிணற்றுக்கும் பள்ளிக்கும் தள்ளி, மழையிலும் வண்டி போகும் பாதையோடு இருக்க வேண்டும். சர்வே எண்ணை எழுதி, கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையைப் பார்த்துவிட்டு, ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

படி 3: வண்டி, ஆள், வாடகை

ஜேசிபி, டிராக்டர் உரிமையாளர்களிடம் மழைக்கு முன்பே வாடகை பேசி எழுதி வாங்குங்கள். வெள்ளத்துக்கு மறுநாள் பேசினால் வாடகை ஏறித்தான் இருக்கும். லோடு கணக்கில் மட்டும் காசு கொடுத்தால் அரை லோடும் ஒரு லோடாகிவிடும். ஏற்றும் இடத்தில் ஒருவர், கொட்டும் இடத்தில் ஒருவர் நிற்கட்டும். ஒரே எண் போட்ட சீட்டு இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் பணம்.

படி 4: தொடுவதற்கு முன்

மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததா, கேஸ் சிலிண்டர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அப்புறம் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் கொடுங்கள். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை, எனக்கு இது ரொம்ப முக்கியம். விழுந்த ஓட்டு வீட்டில் நிலைக்கதவு, உத்தரம், உடையாத ஓடு எல்லாம் மறுபடி வீடு கட்ட உதவும். பீரோவுக்குள் பட்டாவும் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் இருக்கும். ஜேசிபி ஒரே அள்ளில் அள்ளினால் அந்தக் குடும்பம் இரண்டாம் முறை எல்லாவற்றையும் இழக்கும்.

படி 5: பிரித்துக் கொட்டுங்கள்

கான்கிரீட், செங்கல் ஒரு குவியல். மரம், இரும்பு, பிளாஸ்டிக் தனித்தனி. சேறு தனி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக எடுத்து, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றித் தனியே வையுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ரசாயன டிரம் மிதந்து வந்தால் தொடாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லுங்கள். செத்த ஆடு மாடுகளுக்குக் கால்நடைத் துறை. செங்கல் தூளும் கான்கிரீட்டும் பிறகு தெருப் பள்ளம் நிரப்ப ஆகும்.

படி 6: இரண்டு பதிவேடு

முதல் பதிவேடு நிவாரணத்துக்கு: யார் வீடு, எவ்வளவு சேதம், போட்டோ எண். வாடகைக்கு இருந்தவரையும் பட்டா இல்லாதவரையும் சேர்த்து எழுதுங்கள். நில உரிமை அப்புறம், அவர்கள் இழந்தது இப்போது.

இரண்டாவது பதிவேடு மீட்சிக்கு. ஒவ்வொரு தெருவிலும் தண்ணீர் எத்தனை அடி நின்றது, எந்தக் கல்வெர்ட் அடைத்தது, எந்தக் கரை உடைந்தது, யார் பிழைப்பு நின்றது என்று குறியுங்கள். குடியாத்தத்தில் தறிக்குழிக்குள் சேறு இறங்கினால் நெசவாளருக்கு வீடு நின்றாலும் வருமானம் நிற்கும். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் மேலாண்மை நிதியில் 40 சதவீதத்தை உடனடி நிவாரணத்துக்கும் 30 சதவீதத்தை மறுகட்டுமானத்துக்கும் பிரித்தது. மறுகட்டுமானத்துக்குக் கேட்கும்போது இந்த இரண்டாவது நோட்டுதான் கைகொடுக்கும்.

ஜனவரி 26 கிராம சபையில் அந்த நோட்டை வாசித்து மூன்று முடிவு எடுங்கள்: எந்த வீட்டை அதே இடத்தில் கட்டலாம், எந்தக் குடும்பத்துக்கு மாற்றிடம் கேட்பது, எந்த வாய்க்காலை முதலில் அகலப்படுத்துவது. தீர்மான நகலை வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள்.