திருடுபோனாலும் திறக்காத லேப்டாப்: இன்றே செய்து வைக்க வேண்டியவை

"பாஸ்வேர்டு போட்டு வெச்சிருக்கேன், யாராலயும் திறக்க முடியாது" என்பவர்களுக்கு நான் ஒரு சின்ன வித்தை காட்டுவதுண்டு. என் பழைய லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, உள்ளே கோப்புகளெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கை உருவி, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கணினியில் செருகுவேன். என் பெயரில் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி வரும். அதிலேயே இருக்கும் 'கன்டினியூ' பொத்தானை அழுத்தினால் வழிவிட்டுவிடும். கல்யாண போட்டோ, பான் கார்டு ஸ்கேன், சம்பளச் சீட்டு எல்லாம் வரிசையாக நிற்கும். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே இல்லை. முன்வாசலில் பூட்டுத் தொங்குகிறது, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது.

அந்தக் கொல்லைப்புறத்தை அடைப்பதுதான் முக்கியமான வேலை.

படி 1: பேக்கப்

வேறு எதையும் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். முடிந்தால் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இன்னொன்று. அந்த ஹார்டு டிஸ்க்கை லேப்டாப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். பை போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

படி 2: டிஸ்க்கைப் பூட்டுதல்

இதற்குக் குறியாக்கம் என்று பெயர். டிஸ்க்கில் உள்ள எல்லாமே சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடும். நான் சொன்ன வித்தை அதன்பின் பலிக்காது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்கும் பல புதிய லேப்டாப்களில் அது ஏற்கெனவே ஆன் ஆகியிருக்கும். இல்லையென்றால் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் மெனுவில் 'பிட்லாக்கர்' என்று தேடி, அதை ஆன் செய்தால் போதும். மேக்கில் இதற்குப் பெயர் ஃபைல்வால்ட். அதுவும் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில்தான் இருக்கிறது. லினக்ஸ் என்றால் நிறுவும்போதே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யட்டுமா என்று கேட்கும், அங்கேயே சரி சொல்லிவிடுங்கள். பிறகு செய்வது பெரிய தலைவலி.

இப்போது கவனம். விண்டோஸ் உங்களுக்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றைத் தரும். பயாஸ் (லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், மதர்போர்டு மாற்றம் போன்ற சமயங்களில் லேப்டாப் திடீரென்று அதைக் கேட்கலாம். அப்போது சாவி இல்லையென்றால் திருடனுக்கு என்ன கதியோ அதேதான் உங்களுக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு தாளிலும் எழுதி, வீட்டில் பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

படி 3: முன்வாசல்

குறியாக்கம் செய்த விண்டோஸ் லேப்டாப்பும் பொதுவாக ஆன் செய்ததும் நுழைவுத் திரைவரை தானாகவே வந்து நிற்கும். ஆகவே பின் நம்பர் 1234 என்றோ பிறந்த வருடம் என்றோ இருந்தால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். பயணத்தின்போது மூடியை மட்டும் மூடாமல் முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். தூங்கும் லேப்டாப்பின் நினைவகத்தில் சாவி அப்படியே இருக்கும்.

படி 4: அடையாளம்

அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை போனில் ஒரு படம் எடுத்து, பில்லையும் படமெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' ஆன் செய்யுங்கள். லேப்டாப் இணையத்தில் இணைந்தால்தான் இடம் காட்டும், அதனால் பெரிதாக நம்ப வேண்டாம்.

படி 5: ரயிலில்

ஸ்லீப்பரில் கீழ் பர்த்துக்கு அடியில் வளையங்கள் இருக்கும். பெட்டியைச் சங்கிலி போட்டு அதில் கட்டலாம். லேப்டாப் பை மட்டும் தலைமாட்டில். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிப்போவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம்.

திருடுபோய்விட்டால்

முதலில் போனை எடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலில் அந்த லேப்டாப்பைத் தேர்ந்து 'லாக்' கொடுங்கள். மெயில் பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் கணக்கில் அந்தச் சாதனத்தை வெளியேற்றுங்கள். பிரவுசரில் பாஸ்வேர்டுகளைச் சேமித்திருந்தால் வங்கியில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பலர் மறப்பது வாட்ஸ்அப் வெப்: 'லிங்க்டு டிவைசஸ்' போய் 'லாக் அவுட்' செய்யுங்கள்.

ரயிலில் நடந்தால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைக்கலாம், இருப்புப்பாதை காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று எங்காவது சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது அது. எஃப்ஐஆரில் சீரியல் நம்பர் சரியாக ஏறியிருக்கிறதா என்று, நகலை வாங்கியதும் அங்கேயே நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள்.