தலையாட்டும் கிளையன்ட் – என் அனுபவம்

என்னிடம் கோச்சிங் பெறும் ஒருவர் நேரம் தவறாமல் வருவார், கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுவார், எதற்கும் "கண்டிப்பா செய்றேன்" என்பார். அடுத்த அமர்வில் பார்த்தால் எதுவும் நகர்ந்திருக்காது. நினைவூட்டல் அனுப்பினேன், நன்றி மட்டும் வந்தது. வேலையைச் சின்னதாகப் பிரித்துக் கொடுத்தேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துகூட வாங்கினேன். பலனில்லை.

அப்புறம் உளவியலாளர்கள் மில்லரும் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் (motivational interviewing) முறையிலிருந்து, அதாவது மாறுவதற்கான காரணத்தை அவரவர் வாயாலேயே சொல்லவைக்கும் உரையாடல் முறையிலிருந்து, ஒரு கேள்வியை எடுத்தேன். இது உங்களுக்கு 0 முதல் 10 வரை எவ்வளவு முக்கியம்? 6 என்றார். இங்கே "ஏன் 10 இல்லை?" என்று கேட்டால் சாக்குதான் வரும். "ஏன் 3 இல்லை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காரணங்களை அவரே அடுக்கத் தொடங்கினார். கூடவே, செய்யவேண்டியதை நான் எழுதித் தருவதையும் நிறுத்தினேன். அவரே எழுதி அனுப்பட்டும் என்று விட்டேன்.

பலர் கவனிக்காத விஷயம்: நிஜமாக இறங்குகிறவர் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டார், பேரம் பேசுவார். "செவ்வாய் முடியாது, புதன் காலையில பத்து நிமிஷம்தான்" என்றார். தலையாட்டலைவிட இந்த முனகலைத்தான் நான் நம்புவேன். புதன் மதியமே செய்தி வந்தது, நான் கேட்காமலே: பாதி முடிந்ததாம், மீதி வெள்ளிக்கிழமையாம். அப்பாடா!