டெல்லி பைக், கோவை நம்பர்

டெல்லியிலிருந்து கோவைக்குக் குடிவந்தபோது வீட்டுச் சாமானைவிட என்னை அலையவைத்தது பைக்தான். ரயிலில் அனுப்புவது எளிது. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது, ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) நகலும் அடையாள அட்டையும் வேண்டும், நன்றாகக் கட்டித் தர வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் பதிவில் வந்தது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி ஓட்டுவதென்றால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று தேவை, படிவம் 28. நான் விண்ணப்பித்ததும் நிராகரித்துவிட்டார்கள். பைக் வாங்கிய கடனை எப்போதோ அடைத்துவிட்டேன், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது! கடன் முடிந்தால் அது தானாக நீங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். நீங்காது.

வங்கியிடம் கடன் முடிந்த கடிதமும், கையொப்பமிட்ட படிவம் 35-ம் வாங்கினேன். முதலில் ஆர்.சி.யில் இருந்த வங்கியின் பெயரை, அதாவது அடமானப் பதிவை, நீக்கினேன். கட்டாமல் கிடந்த ஒரு போக்குவரத்து அபராதத்தையும் கட்டினேன், அதுவும் சான்றை நிறுத்திவைக்கும். அப்புறம்தான் சான்று கிடைத்தது.

கோவையில் படிவம் 27, வண்டியின் வயதுக்கேற்ற சாலை வரி, நேரில் வண்டிச் சோதனை. வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த தாளில் இரண்டு பிரதி கூடுதலாக வைத்திருந்தது உதவியது. இப்போது டி.என். 38. டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்டு, புது ஆர்.சி. நகலோடு விண்ணப்பித்திருக்கிறேன்.

ஊர் மாறப்போகிறவர்கள் இன்றே ஆர்.சி.யை எடுத்து, வங்கியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.